மலிவான பங்கு எது?

"வளரும் கம்பெனி! பங்கு மலிவு! உடனே வாங்குங்கள்!"

இப்படிச் சொல்லுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கைபேசி மூலம் வீட்டில் இருந்தபடியே பங்கு வாங்கலாம். ஆனால் போடுவது குடும்பச் சேமிப்பு. பங்கு மலிவுதானா என்று எப்படி அறிவது?

விலையை மட்டும் பார்த்தால் போதாது. லாபத்தையும் பார்க்க வேண்டும். 100 ரூபாய் பங்குக்கு ஆண்டு லாபம் 2 ரூபாய் என்றால், விலை லாபத்தைப் போல் 50 மடங்கு. 1,000 ரூபாய் பங்குக்கு லாபம் 100 ரூபாய் என்றால், 10 மடங்குதான்.

லாபம் வேகமாக வளரும் என்றால் கூடுதல் விலை கொடுக்கலாம். எவ்வளவு கூடுதல்? அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

1993-ல் இன்போசிஸ் கம்பெனி ஒரு பங்கை 95 ரூபாய்க்கு விற்றது. வாங்கப் போதிய ஆள் இல்லை! ஆனால் சந்தைக்கு வந்ததுமே விலை 145 ரூபாய். பின்னர் பல மடங்கு பெருகியது.

அமெரிக்காவின் சிஸ்கோ கம்பெனி, கம்ப்யூட்டர்களை இணைக்கும் கருவிகளைச் செய்கிறது. 2000-ல் அதன் பங்கு 80 டாலரைத் தொட்டது. லாபத்தைப் போல் 100 மடங்குக்கும் மேல்! 2002-ல் 10 டாலருக்கும் கீழே விழுந்தது. கம்பெனி மூழ்கவில்லை, பிறகும் வளர்ந்தது. ஆனால் பங்கு பழைய விலையைப் பிடிக்க 20 ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

நல்ல கம்பெனி வேறு. நல்ல விலை வேறு. சில ஆண்டு லாபக் கணக்கையும் கடனையும் பாருங்கள். நாளைய வளர்ச்சிக்கு இன்றே முழு விலையும் கொடுத்துவிட்டால், வாங்கியவருக்கு மிஞ்சுவது என்ன?