தெரிவு நாளும் அறுவடை நாளும்

எமது கல்லூரி மைதானத்தில் மாலை வெயில் சாய்ந்த பின்னரும் கலையாத கூட்டம் ஒன்று உண்டு. விளையாடுவோர் வீடு சென்ற பின்னர் விளையாட்டைப் பற்றி வாதிடுவோர் கூட்டமே அது. பழைய மாணவரும் இந்நாள் மாணவரும், சிற்சில வேளைகளில் ஆசிரியரும், வயது வேற்றுமையின்றி அங்கு ஒருங்கு கூடுவர். அச்சபையில் ஆண்டுதோறும் அனல் பறக்கும் பொருள் ஒன்றே: யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய கிரிக்கெற் அணி யாரைத் தெரிந்தெடுத்தது? எடுத்தது தகுமா? எம்மவர் எத்தனை பேர்?

விழா மலரில் எழுதத்தக்க பொருளோ இது என அன்பர் சிலர் வினவக்கூடும். தக்கதே என்பது எமது துணிபு. வெறும் பொழுதுபோக்காகத் தோன்றும் அவ்வாதத்தினுள்ளே எமது பிள்ளைகளைப் பற்றிய வினா ஒன்று மறைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லங்கா பிறீமியர் லீக் என்னும் தொடர் 2020ஆம் ஆண்டு தொடங்கிற்று. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் ஆகிய ஐந்து பெயர்களில் ஐந்து அணிகள் அமைந்தன. ஒவ்வோர் அணியும் முறை வைத்து வீரர்களைத் தெரிந்தெடுத்தது. ஜப்னா ஸ்டாலியன்ஸ் எனப் பெயர் பூண்ட அணிக்குத் திசர பெரேரா தலைவரானார். வனிந்து ஹசரங்க முதலிய புகழ் பெற்றோர் அவ்வணியில் இடம்பெற்றனர். பட்டியலின் அடிப்பகுதியில் வடபுலத்து இளைஞர் சிலருடைய பெயர்களும் இருந்தன. அவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த்.

அன்று எழுந்த வாதம் இருவகைப்பட்டது. ஊரின் பெயரைத் தாங்கும் அணியில் ஊரார் பிள்ளைகள் இத்துணைச் சிலர்தாமா என ஒரு சாரார் வெகுண்டனர். வெற்றி பெறவே அணி அமைக்கப்படுகின்றது, ஊர்ப்பற்றுக்காக இடம் கொடுத்தால் கிண்ணம் கைக்கு வருமா என மற்றொரு சாரார் மறுத்தனர். அடியில் எழுதப்பட்ட பெயர்கள் வெறும் அலங்காரம் என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபட்டனர். அவர்கள் ஒன்றுபட்ட அவ்விடத்திலேதான் இரு சாராரும் தவறினர்.

பெருந்தொற்றுக் காலமாதலின் அவ்வாண்டுப் போட்டிகள் யாவும் அம்பாந்தோட்டையில், பார்வையாளர் இன்றி நடைபெற்றன. டிசெம்பர் 4ஆந் திகதி கொழும்பு அணிக்கு எதிராக வியாஸ்காந்துக்கு இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு 18 வயது. இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ் அவர்களின் விக்கெற்றை அவர் வீழ்த்தினார். டிசெம்பர் 16ஆந் திகதி நடைபெற்ற இறுதிப் போட்டியில் யாழ்ப்பாண அணி காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று முதற் கிண்ணத்தைப் பெற்றது. 17 விக்கெற்றுகள் வீழ்த்திய ஹசரங்க தொடரின் சிறந்த வீரராயினார்.

கதை அவ்வளவில் முடியவில்லை. 2024ஆம் ஆண்டு இந்தியன் பிறீமியர் லீக் தொடரில் ஹைதராபாத் அணிக்கு ஒப்பந்தமாகியிருந்த ஹசரங்க உபாதை காரணமாக விலகினார். அவருடைய இடத்துக்கு அவ்வணி 50 இலட்சம் இந்திய ரூபாய்க்கு எடுத்தது யாரை? பட்டியலின் அடியிலிருந்த அதே வியாஸ்காந்தைத்தான். மே 8ஆந் திகதி லக்னோ அணிக்கு எதிராகத் தமது 4 ஓவர்களையும் வீசி 27 ஓட்டங்களே கொடுத்தார். விக்கெற் எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் பந்தைக் கையிற் கொடுத்த தலைவரின் நம்பிக்கையை அவர் வீணாக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அலங்காரம் என்று கூறிய எம்மனோர் அன்றிரவு தொலைக்காட்சியின் முன் உறக்கமின்றி இருந்தனர்.

தெரிவு நாளன்று வழங்கப்படும் தீர்ப்புப் பெரும்பாலும் அவசரத் தீர்ப்பே. அமெரிக்க நாட்டிலும் இஃது இவ்வாறே. அந்நாட்டுக் காற்பந்தில் 1936ஆம் ஆண்டு முதல் கல்லூரி வீரர்களை முறை வைத்துத் தெரியும் வழக்கம் உண்டு. மைதானத்தின் ஓரமாக விரைந்தோடி, தொலைவிலிருந்து எறியப்படும் பந்தைப் பற்றுபவரை 'வைட் றிசீவர்' என்பர். 1985ஆம் ஆண்டு அவ்விடத்துக்கு உரிய இருவர் தெரியப்பட்ட பின்னரே, 16ஆம் ஆளாக, ஜெரி றைஸ் என்பவரை சான் பிரான்சிஸ்கோ அணி எடுத்தது. அவர் பெயர் பெறாத சிறு கல்லூரி ஒன்றிலிருந்து வந்தவர். கொத்தனார் ஒருவரின் மைந்தர். முதலாண்டிற் பல பந்துகளைக் கைநழுவவிட்டார், இரசிகர் கூச்சலிட்டனர். அவரோ இருபது பருவங்கள் ஆடி, 1,549 பந்துகளைப் பற்றி, அவ்விளையாட்டின் வரலாற்றில் முதலிடம் பெற்றார். கூச்சலிட்டோரைப் பற்றி இன்று பேசுவார் இலர்.

நிற்க. தெரிவைப் பற்றிய வாதத்தில் இன்னும் கசப்பான பகுதி ஒன்றுண்டு. அது பிறப்பைப் பற்றியது. 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் பெங்களூரில் நடைபெற்ற ஏலத்திற் சென்னை அணி மஹீஷ் தீக்ஷனவை 70 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. சிங்கள வீரர் ஒருவரைத் தமிழ்நாட்டின் தலைநகரத்து அணி எடுத்தலாகாது எனத் தமிழ்நாட்டு இரசிகர் பலர் கண்டனம் எழுப்பினர். 2013ஆம் ஆண்டு இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடவில்லை என்பதும் அறிந்ததே. அக்கண்டனத்தின் பின்னால் எமது துயரின்பாற் கொண்ட பரிவு இருந்தது. அதனை நாம் இகழோம். எமது இழப்பை நினைந்து கடலுக்கு அப்பாலும் கண்ணீர் விடுவார் உளர் என்பது எமக்கு ஆறுதலே.

எனினும் ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. அந்தத் தீக்ஷன அதற்கு இரண்டு திங்களின் முன்னர், 2021ஆம் ஆண்டு டிசெம்பரில், ஜப்னா கிங்ஸ் அணிக்காகப் பந்து வீசிக் கிண்ணம் வெல்ல உதவியவர். அவர் விக்கெற் வீழ்த்தியபோது கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கைதட்டியவர் நாமே. 2009ஆம் ஆண்டின் துயரைச் சுமந்த மண்ணில் நின்றுகொண்டே கைதட்டினோம். அக்கைதட்டல் மறதியன்று. அரசுகளிடம் கேட்கவேண்டிய கணக்கை ஓர் இளைஞனின் விரல்களிடம் கேட்கலாகாது என்னும் தெளிவே அது. எமது கணக்கு எமது நெஞ்சில் உண்டு. அதனைக் கேட்கும் இடம் ஆடுகளம் அன்று.

அவ்வாறாயின், எம்மவர் எத்தனை பேர் என்னும் வினா பொருளற்றதோ? அன்று. அது மிகவும் பொருளுடைய வினா. தெரிவு நாளில், தெரிபவரை நோக்கி அதனைக் கேட்பதே பிழை. ஏலம் ஒரு சந்தை. சந்தையில் நெல் வாங்க வந்தவனிடம், எமது வயலில் ஏன் விளையவில்லை என்று கேட்பதால் ஆவதென்ன? 2023ஆம் ஆண்டு லங்கா பிறீமியர் லீக்கின் முதல் ஏலத்தில் டில்ஷான் மதுஷங்கவை 92,000 அமெரிக்க டொலருக்கு எடுத்தது யாழ்ப்பாண அணியே. அவ்வேலத்தின் உச்ச விலை அது. கிண்ணமோ அவ்வாண்டு கண்டி அணிக்குச் சென்றது. 2020 முதல் 2024 வரை நடைபெற்ற ஐந்து தொடர்களில் யாழ்ப்பாண அணி கிண்ணம் இழந்தது அந்த ஒரு தொடரில் மட்டுமே. சந்தையின் வல்லமை அவ்வளவுதான்.

வியாஸ்காந்த் சந்தையில் உருவாகவில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதல் மோதிவருகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழப்பட்ட வயல் அது. பாட்டன் ஆடிய களத்தில் பேரன் ஆடுகின்றான். பிழை திருத்துவார் எல்லையோரத்தில் நிற்கின்றனர். ஓட்டக் கணக்குப் புத்தகம் ஆண்டாண்டாகப் பேணப்படுகின்றது. அத்தகைய வயலில் ஒரு கதிர் முற்றியது வியப்பன்று.

எமது நிலை யாது? 1936ஆம் ஆண்டுக் குடியேற்றத் திட்டத்தினாற் கிளிநொச்சி உருவாகியபோது அவ்விரு கல்லூரிகளின் போட்டிக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. காடு வெட்டிக் கமம் செய்த எமது பெற்றோர் பள்ளிக்கூடம் கட்டினர், மைதானமும் திருத்தினர். பின்னர் போர் வந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியின் பாடசாலைகள் ஊரூராக இடம்பெயர்ந்தன. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மக்கள் மீண்டபோது, நிலக்கண்ணி அகற்றிய பின்னரே பல இடங்களிற் கால் வைத்தல் கூடிற்று. அன்று தாயின் இடுப்பில் இருந்த குழந்தை இன்று மேல் வகுப்பிற் பயில்கின்றது. அப்பிள்ளை இழந்த களத்தை மீட்டுக் கொடுக்கும் கடன் யாருடையது?

எமது சிறுவர்க்குத் திறமை இல்லை என்பார் வன்னிக் கிராமம் எதனையும் மாலையிற் கண்டிலர். ஒழுங்கை தோறும் மென்பந்தாட்டம் நடைபெறுகின்றது. ஆனால் மென்பந்துக்குத் தையல் இல்லை; அதனைப் பற்றி மணிக்கட்டாற் சுழற்றும் கலையை அதிற் பயிலுதல் அரிது. மென்பந்துக்கு அஞ்சாத துடுப்பாட்டக்காரன் கடினப்பந்தின் முன் முதல் நாளில் நடுங்குகின்றான். சீமெந்துத் தளத்தின்மேல் விரித்த விரிப்பில் எழும் பந்து ஒருவகை. புற்றரையில் எழும் பந்து வேறொரு வகை. பெரும் போட்டிகளோ புற்றரையிலேயே நடைபெறுகின்றன. பதினேழு வயதில் அதனை முதன்முறை காணும் பிள்ளையைத் தெரிவாளர் எங்ஙனம் தெரிவர்?

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பர் சிலர். தந்தைக்கு உதவியாக நின்று செங்கல் பிடித்துப் பழகிய ஜெரி றைஸின் கதையையும் காட்டுவர். அச்சிறு கல்லூரியில் அவருக்குப் பயிற்றுநர் இருந்தார். நாள் தவறாமற் பந்தை எறிந்த தோழர் இருந்தார் என்பதை மறவற்க. எறிவார் இன்றிப் பற்றுவார் எவ்வாறு உருவாதல் கூடும்?

ஜப்னா அணியை 2021ஆம் ஆண்டு பொறுப்பேற்ற லைக்கா நிறுவனத்தின் தலைவர் அல்லிராஜா சுபாஸ்கரன் முல்லைத்தீவிற் பிறந்தவர். அணியை வாங்குவோர் வரிசையில் வன்னியின் பெயர் ஏறிவிட்டது. ஆடுவோர் வரிசையில் அது தவறாமல் ஏறுவதற்கு வழி செய்தல் எம்போன்றோர் பொறுப்பு. செல்வர் ஒருவரை எதிர்பார்த்திருத்தல் வேண்டா. சிறுசிறு கைகள் பல கூடினாற் போதும்.

விழா நினைவாக வளைவு எழுப்புதல், சிலை நிறுவுதல், கேடயம் வழங்குதல் யாவும் நல்லனவே. எனினும் இவ்விழாவில் பழைய மாணவர் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் வேறு. கடினப்பந்துக்குரிய ஆடுகளம் ஒன்று. பருவ காலத்துக்கு மட்டுமன்றி ஆண்டு முழுவதும் நிற்கும் பயிற்றுநர் ஒருவர். அண்டைக் கல்லூரி ஒன்றுடன் எக்காரணத்தாலும் தவறாத ஆண்டுப் போட்டி ஒன்று. அதன் கணக்கைப் பேணும் புத்தகம் ஒன்று. இந்நான்கும் மாணவியர்க்கும் உரியன. எழுதப்படாத ஓட்டமும் பதியப்படாத விக்கெற்றும் எத்தெரிவாளர் கண்ணிலும் படா. உதைபந்தையும் கரப்பந்தையும் விரும்புவோர் எமது சொல்லை அவற்றுக்கும் பொருத்திக் கொள்க.

பரீட்சை கெடும் எனப் பெற்றோர் அஞ்சுதல் இயல்பே. மாலையில் ஒரு மணி நேரம், விளக்கேற்றும் பொழுதுக்கு முன் வீடு திரும்புதல் என்னும் ஒழுங்கை ஆசிரியர் காப்பாராயின் அவ்வச்சம் நீங்கும். பயிலும் பிள்ளைகள் யாவரும் ஏலத்துக்குச் செல்லப் போவதில்லை. செல்லாத பிள்ளைக்கும் தோல்வியைத் தாங்கும் நெஞ்சும் தோழனுக்காக ஓடும் காலும் எஞ்சும். இம்மண்ணில் அவை சிறு செல்வம் அல்ல.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பழமொழி. எமது கமக்காரரைக் கேட்டால் வேறொன்றும் சொல்வர்: நிலத்தை உழுது, விதைத்து, இரணைமடுவின் நீர் வாய்க்காலில் வரும்வரை காத்திருந்து, களை பிடுங்கியவனுக்கே அறுவடை நாளிற் பேசும் உரிமை உண்டு. அடுத்த தெரிவு நாளன்றும் மைதானத்திற் கூட்டம் கூடும், வாதம் எழும், எழுக. ஆனால் யாரை எடுத்தார்கள் என்று கேட்பதற்கு முன், நாம் யாரை அனுப்பினோம் என்று ஒருவராவது கேட்பாராயின் இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.

வாழ்க எமது கல்லூரி. செழிக்க வன்னி நிலம்.