ஒரு பைசாவும் ஓசி கரன்ட்டும்

போன வாரம் எங்க கேன்டீன்ல பெரிய சண்டை மக்களே! 'இலவசமா கொடுத்துக் கொடுத்தே ஜனங்களைக் கெடுத்து வச்சிருக்காங்க'ன்னு நான் சவுண்டா ஒரு லெக்சர் அடிச்சேன். 2006 கலர் டி.வி., 2011 மிக்ஸி-கிரைண்டர்-ஃபேன், 2021 லேடீஸ் ஃப்ரீ பஸ்... ஒண்ணையும் விடலை. அதுவும் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கின கோயமுத்தூருக்கு ஓசி கிரைண்டராம்! கொஞ்சம் கைதட்டல்கூட கிடைச்சுது.

எதிர்ல இருந்த ரூம்மேட் டீயைக் கீழே வச்சுட்டு நிதானமா கேட்டா... ''ஏன்டி, உங்க தோட்டத்து மோட்டாருக்கு எவ்ளோ கரன்ட் பில்?''

பூஜ்யம். நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்தே பூஜ்யம். எனக்குப் பேச்சே வரலை.

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அப்புச்சிகிட்ட கேட்டேன். கயித்துக் கட்டில்ல சாஞ்சிருந்தவர் எந்திரிச்சு உக்காந்துட்டார். ''ஓசியில கேக்கறதுக்கா கண்ணு நாங்க வண்டி கட்டுனோம்?''

1970-ல பம்ப்செட் கரன்ட்டுக்கு யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்தினாங்க. அதை எதிர்த்து விவசாயிகள் தெருவுக்கு வந்தாங்க. ஜூன் 19-ம் தேதி பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டதுல மூணு பேர் செத்துப் போனாங்க. 1972-ல நாராயணசாமி நாயுடு தலைமையில மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை ரோட்டையே மறிச்சாங்க. அதுல ஒரு வண்டி அப்புச்சியோடது. அப்ப அவருக்கு என் வயசு, 20! (நானெல்லாம் ஃபீஸ் ஏத்தினதுக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோட நிறுத்திக்கிட்ட ஆளு.)

1990-ல விவசாயத்துக்கு மொத்தமா இலவசம்னு ஆச்சு. அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு உறுத்துது. கரன்ட் வந்தா தானா ஓடற மாதிரி ஸ்டார்ட்டர் மாட்டிட்டோம். காசு இல்லாத கரன்ட்டை யார் எந்திரிச்சுப் போய் நிறுத்துவாங்க? அப்புச்சி நீச்சல் பழகின 80 அடிக் கிணத்துல இப்ப வேப்பங்கன்னு முளைச்சு நிக்குது. பக்கத்துல இருக்கற போர் 1,000 அடி. நான் ட்ரிபிள் ஈ ஸ்டூடண்ட்... அதே ஒரு குடம் தண்ணியை அவ்ளோ ஆழத்துல இருந்து தூக்க குறைஞ்சது பத்து மடங்கு கரன்ட் வேணும்னு எனக்குத் தெரியும். அந்தக் காசை அரசாங்கம் மின்வாரியத்துக்கு மானியமா கட்டுது. அதாவது, ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத என் ரூம்மேட்டோட அப்பாவும் சேர்ந்துதான் கட்டறார். மழை ஏமாத்தினது, பார்க்கிற இடமெல்லாம் தென்னை வச்சது எல்லாம் சேர்ந்துதான் தண்ணி போச்சு, சரி. ஆனா, எங்க கையில இருந்தது அந்த சுவிட்ச் ஒண்ணுதானே?

அதனால, திட்டறவங்க திட்டிக்கோங்க... தோட்டத்துக்கும் மீட்டர் வைக்கணும், கொஞ்சமாவது காசு வாங்கணும். கூடவே தேங்காய்க்கும் மஞ்சளுக்கும் கட்டுப்படியாகிற விலை கொடுக்கணும். அப்புச்சியும் தலையாட்டினார். ''வெலையைக் குடுக்கட்டும், நான் பில்லைக் கட்டறேன்.''

''வெலை குடுக்காம மீட்டர் மட்டும் வைக்க வந்தாங்கன்னா என்ன பண்ணுவீங்க அப்புச்சி?''

''வரட்டும் பார்த்துக்கலாம். வண்டி இன்னும் சாளைலதான் கெடக்குது!''

ரூம்மேட்கிட்ட இதை இன்னும் சொல்லலை.