இந்தச் சோதனை குழந்தைக்குத் தேவைதானா?

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயில் குரோம்பேட்டையைக் கடந்ததும் அடுத்து நிற்குமிடம் தாம்பரம் சானடோரியம். 1928ஆம் ஆண்டு மருத்துவர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கு நிறுவிய சானடோரியமே அந்த நிலையத்தின் பெயருக்குக் காரணம். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. ஆகவே தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பகுதிகளில் வாழ்வோருக்குக் காசநோய் புதிய சொல்லன்று. ஆயினும் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அந்நோய் இருப்பது தெரியவந்து, அவர் மடியில் வளரும் இரண்டு வயதுக் குழந்தைக்கும் சோதனை செய்ய வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது, துணிவுள்ள பெற்றோரும் கலங்கிவிடுகின்றனர்.

அக்கலக்கத்திற்குக் காரணம் உண்டு. பெரியவர்கள் சளியை உமிழ்ந்து தருவார்கள். சிறு குழந்தைகள் அதை விழுங்கிவிடுவார்கள். இரவெல்லாம் விழுங்கிய சளி இரைப்பையில் தங்கியிருக்கும். ஆதலால், விடியற்காலையில் வெறும் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இரைப்பையிலிருந்து நீரை எடுத்துச் சோதிப்பது நெடுநாளைய வழக்கம். பெரும்பாலும் அடுத்தடுத்த இரு நாட்கள் இவ்வாறு செய்ய வேண்டியிருக்கும். சில நிமிட வேலைதான். கடுமையான தீங்கு நேர்வதும் அரிது. ஆனால் குமட்டலும் அழுகையுமாகத் திமிறும் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அச்சில நிமிடங்கள் குறுகியவையல்ல.

இவ்விடத்தில் எங்கள் தவறொன்றை மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தையிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டி, “கையெழுத்துப் போடுங்கள், காலையில் குழாய் விட வேண்டும்” என்று மட்டும் கூறினோம். எதற்காக என்பதை விளக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் அச்சோதனையைக் கண்ட அவர், அன்றிரவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிட்டார். மூன்று வாரம் கழித்து, மேலும் மெலிந்த நிலையில் குழந்தை திரும்பி வந்தது. மருந்தால் தேறியது உண்மையே. எனினும் வீணான அந்த மூன்று வாரத்திற்குத் தந்தையின் அச்சத்தைவிட எங்கள் அவசரமே பெரிய காரணம் என்று இன்றும் கருதுகிறோம்.

அன்றுமுதல் நாங்கள் கைக்கொண்டுள்ள அளவுகோல் எளியது: இச்சோதனையின் முடிவு, அடுத்து நாம் செய்யப்போவதை மாற்றுமா? மாற்றுமெனில் சோதனை வேண்டும். எம்முடிவு வந்தாலும் சிகிச்சை ஒன்றேயெனில், குழந்தையை வருத்துவதற்குமுன் மறுமுறை சிந்திக்க வேண்டும்.

மூன்று குழந்தைகளை எண்ணிப் பார்ப்போம். முதற்குழந்தை காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வாழ்கிறது. ஆனால் இருமலில்லை, காய்ச்சலில்லை, எடை சீராக ஏறுகிறது. மருத்துவர் நன்கு பரிசோதித்து, நோய் இல்லையென உறுதி செய்தபின், ஐந்து வயதிற்குட்பட்ட இக்குழந்தைக்கு நோய்த் தடுப்பு மருந்து தரப்படும். இதற்குக் குழாய் தேவையில்லை.

இரண்டாம் குழந்தைக்கு இரு வாரத்திற்கு மேலாக இருமலும் காய்ச்சலும் உள்ளன, எடை குறைகிறது, எக்ஸ்-ரேயில் மாற்றம் தெரிகிறது. கருத்து வேறுபாடு எழுவது இங்கேதான். “நோய் என்று தெரிந்துவிட்டதே, நேராக மருந்து கொடுத்தால் என்ன?” என்று பெற்றோர் கேட்கின்றனர். அது நியாயமான கேள்வி. குழந்தைகளின் உடலில் காசநோய்க் கிருமிகள் குறைவாகவே இருக்கும். ஆதலால் கிருமி அகப்படாததாலேயே நோயில்லை என்றாகாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட சிறார் காசநோய் வழிகாட்டுநெறிகளும், அறிகுறிகளையும் எக்ஸ்-ரேயையும் கொண்டே சிகிச்சையைத் தொடங்க இடமளிக்கின்றன.

ஆனால் மறுபக்கமும் உண்டு. மாதக்கணக்கில் மருந்து தர வேண்டிய நோய் இது. வீட்டிலுள்ள நோயாளிக்கு வந்திருப்பது மருந்துக்குக் கட்டுப்படாத வகையெனில், வழக்கமான மருந்து குழந்தைக்கும் பயன்படாமற் போகலாம். சிபிநாட் எனப்படும் மரபணுச் சோதனை, கிருமி உள்ளதா என்பதோடு ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது கட்டுப்படுமா என்பதையும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடும். அத்தகைய ஐயமுள்ள குழந்தைக்கு மாதிரி எடுக்காமல் விடுவதை இரக்கம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

மாதிரியை எல்லா நேரத்திலும் குழாய் விட்டே எடுக்க வேண்டும் என்பதுமில்லை. விழுங்கிய சளி மலத்தோடும் வெளியேறுவதால், மலத்தையே இம்மரபணுச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்று அதே நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ளது. எளிய வழியை முதலில் முயன்று, அது போதாதபோது குழாயை நாடுவதே முறை என்பது எங்கள் கருத்து.

மூன்றாம் குழந்தை காய்ச்சலோடு ஓயாமல் வாந்தியெடுக்கிறது, மயங்கிக் கிடக்கிறது, வலிப்பும் வருகிறது. மூளைக்காய்ச்சல் என்ற ஐயம் எழுகிறது. முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீரை எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். “முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்” என்று உறவினர் தடுக்கின்றனர். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் அவ்வூசி செலுத்தப்படுகிறது என்பதை இவ்விதழ் படிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். கால்களையும் மூளையையும் கெடுப்பது ஊசியன்று, கண்டுபிடிக்கப்படாத நோய். இங்கே நாள் கடத்தலாகாது.

மருத்துவரிடம் கேள்வி கேட்பது அவமரியாதை என்று தயங்குவோர்க்கு நம் ஊர் வரலாற்றையே நினைவூட்டுகிறோம். காசநோயாளி சானடோரியத்தில் தங்கினால்தான் பிழைப்பார் என்று ஒரு காலத்தில் நம்பினர். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் ‘அது உண்மையிலேயே தேவையா?’ என்று வினவியது. வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டு, இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைவதை 1959இல் உலகுக்கு அறிவித்தது. உலக நாடுகளின் காசநோய்ச் சிகிச்சை முறையையே மாற்றிய வினா அது. மருத்துவமே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வியைப் பெற்றோர் கேட்கக் கூடாதா?

எனவே கையெழுத்திடுமுன் கேளுங்கள்: இச்சோதனையால் எதை அறியப் போகிறீர்கள்? முடிவு எப்படி வந்தால் என்ன செய்வீர்கள்? இதைவிட எளிய வழி உண்டா? காத்திருந்தால் என்ன ஆபத்து? இவற்றிற்கு விடையளிப்பது எங்கள் கடமை; அது சலுகையன்று. வேறொரு மருத்துவரின் கருத்தை நாடவும் உங்களுக்கு உரிமையுண்டு. அதே வேளையில், ‘காத்திருக்க நேரமில்லை’ என்று நாங்கள் காரணத்தோடு கூறினால், ஊரிலுள்ள உறவினர் அனைவரையும் கலந்துபேசிய பிறகே முடிவெடுப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

சோதனை செய்வதென்று முடிவானபின் குழந்தையிடம் “வலிக்கவே வலிக்காது” என்று சொல்ல வேண்டாம். ஒருமுறை ஏமாந்த குழந்தை மறுநாள் வெள்ளை அங்கியைக் கண்டாலே அலறும். “கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன்” என்று சொல்லுங்கள். நீங்கள் அருகில் இருக்க விரும்பினால் எங்களிடம் கூறுங்கள். உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தருகிறோம்.