நோயை மறைப்பது நாணம் ஆகாது

 

தாம்பரத்தில் நமது மதரஸாவில் ஓதும் பிள்ளை ஒன்றின் தாயார் சென்ற ரமலானுக்குப் பின் வஃபாத்தானார். பல மாதங்களாக அவருக்கு வயிறு உப்பியிருந்தது. இரண்டு கவளம் உண்டதும் நிறைந்துவிடும். வீட்டார் ‘வாயு’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். ஓதிப் பார்க்க நம்மிடமும் வந்தார்கள். நாமும் ஓதிக் கொடுத்தோமே தவிர, மருத்துவரிடம் காட்டினீர்களா என்று கேட்கவில்லை. பின்னர் வயிற்றில் நீர் கோத்தது. சிறு திசு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றபோது வீட்டார் மறுத்து அழைத்து வந்துவிட்டனர். மீண்டும் சென்றபோது காலம் கடந்திருந்தது. அந்த உறுத்தலோடுதான் இதனை எழுதுகிறோம்.

ஒரு பெண் தன் அடிவயிற்று உபாதையைச் சொல்வதே நாணமின்மை என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியுள்ளது. இதற்கு மார்க்கத்தில் ஆதாரம் எங்கே? நிற்காத உதிரப்போக்கைப் பற்றி ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை, அது மாதவிடாய் அன்று என விளக்கி, தொழுகையின் சட்டத்தையும் கற்றுத் தந்தார்கள். இந்த ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். வீட்டு வாசலில் மறந்துவிடுகிறோம்.

கருமுட்டையை உருவாக்கும் சினைப்பையில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆயினும் புற்றாக இருப்பவை ஓசையின்றி வளரும். வயிறு உப்புதல், சிறிது உண்டதும் நிறைதல், அடிவயிற்றிலோ இடுப்பிலோ வலி, அடிக்கடி சிறுநீர் அவசரம் ஆகிய நான்கில் எதுவும் புதிதாகத் தொடங்கி மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் நீடித்தால், குறிப்பாக 50 வயதைக் கடந்தவருக்கு, அதை வாயு என்று விட்டுவிடலாகாது. மாதவிடாய் நின்ற பின் உதிரம் காணப்பட்டாலும் அவ்வாறே.

அடுத்த தவறு இன்னும் பெரிது. ‘கத்தி பட்டால் பரவும்’ என்று திசுப் பரிசோதனையைத் தடுக்கிறோம். ஸ்கேனும் சிஏ-125 என்னும் இரத்தப் பரிசோதனையும் சந்தேகத்தை எழுப்புமே அன்றித் தீர்ப்பு வழங்கமாட்டா. 1928 முதல் காசநோய்க்குப் பெயர்பெற்ற சானடோரியத்தின் அருகில் வாழ்கிறோம். வயிற்றுக் காசநோயும் நீர் கோக்கச் செய்யும். சிஏ-125 அளவை உயர்த்தும். பார்வைக்குச் சினைப்பைப் புற்றைப் போன்றே தோன்றும். ஒன்று பெரும்பாலும் மாத்திரையால் குணமாவது. மற்றொன்றுக்கு அறுவை சிகிச்சை வேண்டும். இரண்டையும் பிரித்தறியத் திசுவே சாட்சி. சாட்சியைத் தடுத்துவிட்டு நீதி கேட்பது எப்படி?

பரவும் என்ற அச்சத்தில் சிறிது உண்மை உண்டு. அதை மருத்துவர்கள் நம்மைவிட நன்கறிவர். கட்டி சினைப்பைக்குள் மட்டும் இருப்பதாகத் தோன்றினால், ஊசியால் குத்தாமல், உடையாதவாறு முழுமையாக எடுத்தே பொதுவாகச் சோதனைக்கு அனுப்புவர். நோய் பரவியதாகத் தெரிந்தால், பரவிய இடத்திலிருந்து சிறு துண்டு எடுப்பர்.

‘குமரிப் பெண், செய்தி பரவினால் வரன் கெடும்’ என்பாரும் உண்டு. இளம்பெண்களுக்கு வரும் சில வகைப் புற்றுக்கட்டிகள் மருந்துக்கு நன்கு கட்டுப்படுபவை. பலருக்கு மறு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றிப் பிள்ளைப்பேற்றுக்கு வழிவிட முடியும். எந்த வகை என்பதைத் திசுவே சொல்லும். மறைப்பதுதான் அவளது வாழ்வைக் கெடுக்கும்.

‘அந்நிய ஆணிடம் காட்டுவதா?’ பெண் மருத்துவரைத் தேடுங்கள். அது உங்கள் உரிமை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே 1844 முதல் பெண்களுக்கான அரசு மருத்துவமனை இருக்கிறது. 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்னும் பெண்மணி. பெண் மருத்துவர் கிடைக்காவிடில், நிர்ப்பந்தம் தடையைத் தளர்த்தும் என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி.

ஓதிப் பார்ப்பது சுன்னத். மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. எனவே ஆலிம்களே, ஓதிப் பார்க்க வருவோரிடம், ‘எத்தனை நாளாக? மருத்துவரிடம் காட்டினீர்களா?’ என்று முதலில் கேளுங்கள். கணவன்மார்களே, திசுப் பரிசோதனையின் முடிவை நீங்களே வாங்கி, மருத்துவரிடம் காட்டும் வரை ஓயாதீர்கள்.

அல்லாஹ் அந்தச் சகோதரியின் மண்ணறையை விசாலமாக்குவானாக. கேட்கத் தவறிய நமது பிழையையும் பொறுப்பானாக. ஆமீன்.