புள்ளிக்காகவா தியானம்?

தமிழ்ப்பள்ளிகளில் தியானம் இடம்பெற வேண்டும் என்போர் பெருகி வருகின்றனர். நானும் அதனை வேண்டுபவனே. ஆயினும், எதற்காகத் தியானம் என்று வினவினால் அவர்கள் கூறும் விடைதான் நெஞ்சைச் சுடுகிறது. நினைவாற்றல் பெருகுமாம், தேர்வில் புள்ளிகள் கூடுமாம்! பிள்ளை கண்மூடி அமரும் ஐந்து நிமிடத்தையும் தேர்வுக்கே அடகு வைக்கத் துணிந்துவிட்ட நம்மை என்னென்பது?

1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. அது வளர்த்த மனப்போக்கோ அகலவில்லை. 'நான் ஒரு மிதிவண்டி' என்று தன்கதை எழுதச் சொல்லிப் பாருங்கள். முப்பது ஏடுகளிலும் மிதிவண்டி ஒரே தொழிற்சாலையில் பிறக்கும். ஒரே கடையில் விலைபோகும். ஒரே குப்பைமேட்டில் கிடந்து கண்ணீர் வடிக்கும். மாதிரிக் கட்டுரையை மனனம் செய்த மாணவனை நோவானேன்? தன் வீட்டு மிதிவண்டியின் சங்கிலி எழுப்பும் ஓசையை நினைந்து பார்க்க அவனுக்கு நாம் ஒரு நிமிடமேனும் அளித்தோமா? மணி அடித்தால் ஒரு பயிற்சித்தாள். மறுமணி அடித்தால் மற்றொன்று. பள்ளி விட்டதும் பிரத்தியேக வகுப்பு, அதன்பின் கைப்பேசி. உள்ளம் தன்னோடு தனித்திருக்க இடமில்லாதபோது கற்பனை எங்கிருந்து ஊறும்?

தியானம் நம் மரபுக்குப் புதியதன்று. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்திற்கென்றே அமைந்தது. ஆனால், பத்து வயதுச் சிறுவனின் தோளில் அத்துணைப் பெருஞ்சுமையை ஏற்ற வேண்டுவதில்லை. கவிஞர் தாகூர் காட்டிய வழி எளிது. 1901-இல் சாந்திநிகேதனத்தில் அவர் தொடங்கிய பள்ளியில் காலையில் 15 நிமிடமும் மாலையில் 15 நிமிடமும் மாணவர்கள் பேசாது அமர்ந்திருப்பர். இறைவனை எண்ணாமல் மரமேறும் அணிலை ஒருவன் நோக்கிக்கொண்டிருந்தாலும் போகட்டும், அமைதியாய் இருத்தலே போதும் என்பது அவர் கருத்து. 1927-இல் மலாயாவுக்கும் வந்து சென்றவர் அவர். அவருக்கு மாலையிட்டோம், அந்த அணிலை மறந்தோம்.

அணிலை நோக்கியிருக்கும் பிள்ளைக்குப் பரிசில்லை, பாராட்டில்லை, முந்துவதற்கு எவருமில்லை. இருந்தும் அவன் முகம் மலர்கிறது. அகமகிழ்ச்சி என்று நாம் மேடைதோறும் முழங்குவது இதைத்தானே? அமைதியாய் அமர்ந்தவரெல்லாம் கவிஞராகிவிடுவர் என்று நான் கூறவில்லை. ஆனால் 'அணிலின் வால் ஏன் நிமிர்ந்தே நிற்கிறது?' என்று கேட்கும் பிள்ளை, தன் சொந்த வாக்கியம் ஒன்றை எழுதத் தொடங்கிவிட்டான்.

நேரமில்லை என்பர் சிலர். சபைகூடலில் நாம் ஆற்றும் உரைகளைச் சற்றே சுருக்கினால் நேரம் தானே கிட்டும். சமயத்தைக் காட்டி அஞ்சுவோருக்கும் ஒன்று சொல்வேன்: மந்திரமும் வேண்டா, படமும் வேண்டா, பேசாதிருத்தல் எச்சமயத்திற்கும் பகையன்று. கூச்சலிட்ட வகுப்புக்குத் தண்டனையாக மட்டும் அதனை ஆக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் அமர்ந்திருக்கையில் ஆசிரியரும் ஏடு திருத்தாது அமரட்டும். முடிந்ததும், "என்ன பயன் பெற்றாய்?" என்று எவரையும் கேட்க வேண்டா, அதற்கொரு மதிப்பீட்டுப் பாரமும் அச்சிட வேண்டா.