ஓடி வருபவளைத் துரத்தலாமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

கணிப்பொறி விளையாட்டைப் பற்றிக் கட்டுரையா என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்கக்கூடும். 2022 டிசம்பரிலேயே நடுவணரசு மின்விளையாட்டை விளையாட்டுத் துறையின் கீழ்க் கொண்டுவந்துவிட்டது. 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடிக்கும் பதக்கம் உண்டு, மின்விளையாட்டுக்கும் பதக்கம் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மாடிக் கடையில் சனிக்கிழமைதோறும் நம் கல்லூரி நண்பர்கள் கூடி ஓவர்வாட்ச் ஆடுகிறார்கள், நானும் ஆடுகிறேன். அணிக்கு ஐவர். முன்னின்று அடி தாங்க ஒருவர், சுடுவதற்கு இருவர், காயம் ஆற்றுவதற்கு இருவர். நன்றாகத்தான் ஆடுகிறோம். ஆனால் எதிரணியில் எவனாவது டிரேசர் என்னும் பாத்திரத்தை எடுத்துவிட்டால் போதும், நம்மவர்க்கு ஆட்டமே மறந்துவிடுகிறது.

யார் இந்த டிரேசர்? கண்ணிமைக்கும் நேரத்தில் ஓரிடத்தில் மறைந்து சில மீட்டர் தள்ளித் தோன்றுபவள். அத்தகைய பாய்ச்சல்கள் மூன்று அவள் கைவசம் உண்டு. செலவான ஒவ்வொன்றும் திரும்பி வரச் சுமார் 3 விநாடி ஆகும். அடிபட்டால் 3 விநாடிக்கு முன் எங்கே எந்த நிலையில் இருந்தாளோ அங்கே, அந்நிலைக்கே மீண்டுவிடுவாள். அந்த வித்தையை ஒரு முறை காட்டினால் மறுமுறை காட்டப் பத்து விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். உடல்வலுவோ மிகக் குறைவு. துப்பாக்கியும் கிட்டத்தில்தான் கொல்லும்.

அவள் பின்புறமாக வந்து, காயம் ஆற்றுபவனைச் சீண்டுவாள். உடனே சுடுகிற இருவரும் அவளைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். முன்னே நிற்பவனும் திரும்பிப் பார்ப்பான். அவ்வளவுதான், எதிரணியின் மற்ற நால்வரும் உள்ளே வந்துவிடுவார்கள். தோற்ற பின் வசவெல்லாம் யாருக்கு? ஓடியவர்களுக்கு அன்று, முதலில் செத்த காயம் ஆற்றுபவனுக்கு! அந்த வேலையைப் பெரும்பாலும் புதிதாக வந்தவன் தலையில்தான் கட்டுகிறோம். சென்ற பருவத்தில் முதலாண்டு மாணவர் இருவர் இதனாலேயே வருவதை நிறுத்திக்கொண்டனர். வீட்டில் கணிப்பொறி இல்லாதவர்கள். ஒரு மணி நேர ஆட்டத்துக்காக வாரம் முழுதும் தேநீர்க் காசை மிச்சம் பிடித்து வந்தவர்கள். நம் வாய் அவர்களை விரட்டிவிட்டது.

என் தந்தையார் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். படப்பைக்கு அப்பால் எங்கள் ஊரில் சடுகுடு ஆடியவர். டிரேசர் தொல்லையைச் சொன்னேன். "பாடி வர்றவன் பின்னாடி எவனாவது ஓடுவானாடா? அவன் திரும்புற வழியில நில்லு" என்றார்.

எண்ணிப் பாருங்கள். கபடியில் ஏழு பேர் நிற்கும் களத்துள் ஒற்றை ஆள் நுழைகிறான். அவன் எந்த ஏழு பேரையும்விட வேகமானவன். அவனுக்கு 30 விநாடிதான் என்பது எல்லோருக்கும் தெரியும். கோடியில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரன் அவசரப்பட்டுத் தனியே பாய்ந்தால் ஒரு புள்ளி போயிற்று. நல்ல கார்னர் காத்திருப்பான். பாடி வந்தவன் உள்ளே ஆழமாகக் கால் வைத்துத் திரும்புகிற அந்தக் கணத்தில் கணுக்காலைப் பிடிப்பான். பக்கத்தில் கைகோத்து நிற்கும் இருவர் உடனே வழியை அடைப்பார்கள். பிடித்தவன் ஒருவன், வென்றது மூவர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைத் தலைவி, நம் தென்சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகா. இவ்வித்தை தெரிந்தவர்கள் எங்கோ இல்லை, பக்கத்துப் பேருந்துத் தடத்தில்தான் இருக்கிறார்கள்.

கணிப்பொறியிலும் இதுவே வழி. காயம் ஆற்றும் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி, சுவரை ஒட்டி நிற்கட்டும். அவள் வந்தால் ஒருவர் மட்டும் திரும்பட்டும். மற்றவர் முன்னே பார்க்கட்டும். பாய்ச்சலை எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. மீளும் வித்தையும் செலவாகிவிட்டதா? இனி அவள் சாதாரண ஓட்டக்காரி, அப்போது சுடுங்கள். அங்கே கைகோக்க முடியாதே என்பீர்கள். வாய் இருக்கிறதே! "பின்னால் வந்துவிட்டாள்", "மீள்வது போயிற்று" என்ற இரண்டு சொல் போதும். வசவுக்குச் செலவாகும் மூச்சில் பாதிகூட ஆகாது.

நம்மிடமும் ஒரு வேகக்காரன் இருந்தால் தீர்ந்தது என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இரு வேகக்காரர்கள் பின்கட்டில் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருக்க, மீதி நால்வரின் கதி பழைய கதியே. பாத்திரத்தை மாற்றுவது ஓரளவு பயன் தரும். டோர்பியோர்ன் நாட்டும் தானியங்கித் துப்பாக்கி வேகத்தைக் கண்டு மயங்குவதில்லை. பாய்ந்து வருவோரைத் தள்ளிவிடும் பிரிகிட்டா 2018 மார்ச்சில் வந்தாள். ஆனால் அந்த மருந்தே நோயாயிற்று: அவ்வாண்டின் பிற்பகுதியில் முன்னிற்போர் மூவர், காயம் ஆற்றுவோர் மூவர் என்ற அணிகளே எங்கும் மலிந்தன, சுடுவோர்க்கு இடமில்லாமற் போயிற்று. 2019இல் இன்ன வேலைக்கு இத்தனை பேர் என்று விதியே செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே துறைகளுக்கிடையிலான ஆட்டம் தொடங்குமுன், நம் ஐவரும் ஒரு மாலை கபடி அணியினரோடு களத்தில் நின்று பார்க்கட்டும். நின்றுபோன அந்த முதலாண்டு மாணவர் இருவரையும் அழைத்து வரட்டும். கபடி அணியினரிடம் கேட்டுவிட்டேன். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னார்கள், செருப்பில்லாமல்.