புலி வருது!

பெசன்ட் நகரில் எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. பூனை குதித்தால் அலறும். மாங்காய் விழுந்தால் அலறும். முதல் வாரம் தெருவே பால்கனிக்கு வந்து பார்த்தது. இப்போது வாட்ச்மேன்கூடப் புரண்டு படுத்துக்கொள்கிறார். "நிஜமாவே திருடன் வந்தா?" என்று கேட்டேன். "அவன் சத்தமில்லாமதான் சார் வருவான்" என்றார்.

புலி வருது கதைதான். ஆனால், இதே கதை ஆஸ்பத்திரியில் நடந்தால்?

என் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். ராத்திரி துணைக்கு நான். தலைமாட்டில் மானிட்டர். அது முதல் தடவை கத்தியபோது வெறுங்காலோடு ஓடினேன். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "விரல் கிளிப் கழண்டிருக்கு சார்" என்றார். இரண்டாம் தடவை, பெரியப்பா புரண்டு படுத்ததில் ஒயர் அசைந்ததாம். ஐந்தாம் தடவை நானே எழுந்திருக்கவில்லை. "தூங்க விடமாட்டேங்குதுடா" என்று பெரியப்பா புலம்ப, "சிஸ்டர், அந்தச் சத்தத்தை நிறுத்திடுங்களேன்" என்று சிபாரிசு செய்த புத்திசாலியும் நான்தான். நல்லவேளை, அந்தப் பெண் மறுத்துவிட்டார்.

எதற்கு நல்லவேளை என்கிறேன் என்றால், 2010 ஜனவரியில் அமெரிக்காவில், உலகப் புகழ் பெற்ற மாசசூசெட்ஸ் ஜெனரல் ஹாஸ்பிடலில் 89 வயது நோயாளி ஒருவருக்கு இதயத் துடிப்பு குறைந்துகொண்டே போயிற்று. மானிட்டர் மெல்லக் கூப்பிட்டது. டியூட்டியில் இருந்த நர்ஸ்கள் யாருக்கும் அதைக் கேட்ட ஞாபகமே இல்லை. உரக்கக் கத்த வேண்டிய அபாய அலாரத்தையோ யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். அவர் இறந்துபோனார்.

நர்ஸ்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ ஆஸ்பத்திரியில் 77 ஐ.சி.யூ. படுக்கைகளை 31 நாள் கவனித்து, 2014-ல் கணக்கு வெளியிட்டார்கள். மொத்தம் 25 லட்சத்துக்கும் மேல் அலாரம்! காதில் விழுந்தவை மட்டும் ஒரு படுக்கைக்கு தினம் 187. பெரும்பாலும் வெறும் பூனைகள். எந்தக் காதும் மரத்துத்தான் போகும்.

வழி இல்லாமல் இல்லை. பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் ஒரு வார்டில் அளவுகளை மாற்றியமைத்தார்கள். அவசியமில்லாத எச்சரிக்கைகளை எடுத்தார்கள். மிச்சம் உள்ளது எது அடித்தாலும் ஆள் போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள். வாரத்துக்கு 87,823 ஆக இருந்தது 9,967 ஆகக் குறைந்தது. நெஞ்சில் ஒட்டும் ஸ்டிக்கரை தினம் மாற்றினாலே பொய்க் கூச்சல் நிறையக் குறைகிறதாம்.

ஆகவே, அடுத்த முறை துணைக்குப் படுக்கும்போது "நிறுத்துங்க சிஸ்டர்" என்று சொல்லாதீர்கள். "ஏன் அடிக்குது? அளவு இவருக்குத் தகுந்த மாதிரி வச்சிருக்கா?" என்று கேளுங்கள்.

பெரியப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். சாயங்காலம் எலியட்ஸ் பீச்சில் காற்று வாங்குகிறார். ராத்திரி அந்த வெள்ளைக் கார் அலறினால், தெருவிலேயே எழுந்து எட்டிப் பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

"பூனைதானே பெரியப்பா?" என்றேன்.

"பூனைதான்னு பார்த்தாதானேடா தெரியும்!"